அடைப்பு அறையின் மேல் தாழ்ப்பாள்

மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் கட்டுவார்கள், நான் கட்டியதில்லை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும்போது ஒரு வளைவு வந்ததும் கண்டக்டர் கன்னத்தில் போட்டுக்கொள்வார், பின்னால் உட்கார்ந்திருக்கிற ஜனம் மொத்தமும் போட்டுக்கொள்ளும், நான் மட்டும் கியரைக் குறைத்துக்கொண்டே, பிரேக் சரியாக இருந்தால் போதும், சாமி தன் வேலையைப் பார்க்கட்டும் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்வேன். காத்து கருப்பு என்று யாராவது பேச ஆரம்பித்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போகிற ஆள் நான். ஆனாலும் என் வீட்டில் ஒன்று நடந்தது. நீங்கள் நம்ப வேண்டாம், உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானே நம்பமாட்டேன், கேட்டுக்கொண்டால் போதும்.

இந்த மாதிரிக் கதை என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, கரண்ட் போவது எல்லாம் வரும். இதில் அதெல்லாம் கிடையாது. நடந்தது நல்ல வெயில் அடிக்கிற காலை நேரம், பக்கத்து வீட்டில் அம்மிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

கைப்பேசி எல்லாம் வராத காலம் அது. கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலை ஓரமாகத் தளம் போட்ட ஒரு மெத்தை வீடு, ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையற்கட்டு, அவ்வளவுதான். நான், என் மனைவி மல்லிகா, மூன்றாம் வகுப்பு படிக்கிற மகள் தேன்மொழி. மல்லிகாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, கடைசியில் வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அறையில் கட்டிலில் படுத்தவள் அங்கேயே போய்விட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல இன்றைக்கும் என்னால் முடியவில்லை.

பஞ்சாங்கம் பார்த்தவர் சதய நட்சத்திரம் என்றார். எங்கள் பக்கத்தில் சில நட்சத்திரங்களை அடைப்பு நட்சத்திரம் என்பார்கள். அதில் ஒருவர் இறந்தால், ஆவி உடனே போகாது, வீட்டையே சுற்றிக்கொண்டிருக்கும் என்று இறந்த இடத்தைப் பூட்டி வைத்துவிடுவார்கள். சதயத்துக்கு ஆறு மாதம். நான் முடியாது என்றுதான் சொன்னேன். மல்லிகாவின் அக்கா சரோஜா, மணலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தவள், என் எதிரில் வந்து நின்று அழுதாள். "தம்பி, ஒங்களுக்கு நம்பிக்கை இல்லன்னா பரவால்லிங்க. புள்ளைக்கு ஒன்னு ஆயிடுச்சின்னா நாம இன்னா பண்றது?" என்றாள். பிள்ளை பெயரைச் சொன்னதும் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அறையின் ஜன்னலை உள்பக்கம் கொக்கி போட்டு மூடியது நான்தான். ஜன்னலுக்கு இரும்புக் கம்பி உண்டு. வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்தி, நாதாங்கியை மாட்டி, அதில் பெரிய பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டதும் நான்தான். இதை எல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால் அறைக்குள் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும், பின்னால் நீங்கள் கேட்கப் போகிற கேள்வி அதுதான்.

எனக்கு வலித்தது பூட்டு இல்லை. தேன்மொழி பெரியம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் பூட்டுறாங்க?" என்று கேட்டாள். அந்தப் புண்ணியவதி, "அம்மா ஆறு மாசம் இந்த ரூம்லதான்டி இருப்பாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னது ஒன்று, குழந்தை எடுத்துக்கொண்டது வேறு. அம்மா உள்ளே இருக்கிறாள், கதவுதான் பூட்டியிருக்கிறது என்று அவள் முடிவு பண்ணிக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தக் கதவடிதான் அவளுக்கு வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பையோடு அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்காருவாள். டீச்சர் திட்டியது, பக்கத்தில் உட்காருகிறவள் ஸ்லேட்டை உடைத்தது எல்லாம் கதவுக்குத்தான். ரிப்பன் எங்கே என்றும் கதவைத்தான் கேட்பாள். நான் கடைசி டிரிப் முடித்து வரும்போது கதவை ஒட்டிப் பாயில் சுருண்டு கிடப்பாள். தூக்கிக் கூடத்து நடுவில் போட்டால் தூக்கத்திலேயே எழுந்து போய்த் திரும்ப அங்கே படுத்துக்கொள்வாள். அதனால் நானும் என் பாயை அங்கேயே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டேன்.

என்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். கோபமும் இல்லை, முறைப்பும் இல்லை, ஆனால் நான் அந்த வீட்டுக்கு வந்துபோகிற விருந்தாளி மாதிரி ஆகிவிட்டேன். சாப்பாடும் அப்படித்தான். சரோஜா பாதி நாள் எங்களோடுதான் இருந்தாள், விதவிதமாகச் செய்து வைப்பாள். குழந்தை இரண்டு வாய் வாங்கிவிட்டுப் போதும் என்று எழுந்துவிடும். கவுன் தோளிலிருந்து நழுவ ஆரம்பித்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பில் ஒன்றும் இல்லை, சாப்பிட வையுங்கள், இப்படியே விட்டால் தாங்காது என்றார். எப்படிச் சாப்பிட வைப்பது என்று அவர் சொல்லவில்லை. எனக்கு ஒரே பயம்தான். ஆறு மாதம் முடிந்து கதவைத் திறந்து, உள்ளே வெறும் கட்டிலைப் பார்த்தால் இந்தக் குழந்தை என்ன ஆகும்? தாயை இரண்டாம் தடவை சாகக் கொடுக்கப் போகிறது, அதற்குப் பிறகு இந்த இரண்டு வாயும் நின்றுவிடும் என்று நினைத்தால் வளைவில் கியரைக் குறைக்கக்கூட மறந்துவிடுவேன். மலையில் ஓட்டுகிறவன் அதை மறக்கலாமா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த நாளும் வந்தது. சரோஜா விடியும் முன்னாலேயே எழுந்து குளித்து, படையலுக்குச் சமைத்து, செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தாள். தேன்மொழி கதவுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். நான் சாவியைப் போட்டேன். உள்ளே போனது, திரும்பவில்லை. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டேன். அசையவில்லை. எனக்குப் பொறுமை கம்மி. ஸ்பானரை எடுத்து வந்து சாவியின் தலையைப் பிடித்து ஒரு திருகு திருகினேன். சாவியின் தலை என் கையில் வந்துவிட்டது, மீதி பூட்டுக்குள் நின்றுவிட்டது.

பஜாரில் பூட்டு ரிப்பேர் பண்ணுகிற காதர் பாயைப் போய்க் கூட்டி வந்தேன். வாய் ஓயாத மனுஷன். சைக்கிளில் என் பின்னால் வரும்போதே, தான் திறக்காத பூட்டு இந்தத் தாலுக்காவிலேயே கிடையாது, பீரோ, பெட்டி, லாக்கர், மலையில் ஒரு பங்களாவின் சீமைப்பூட்டு வரைக்கும் பார்த்தாயிற்று என்று சொல்லிக்கொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்து பூட்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இன்னா டிரைவரே இது, பூட்டா அம்மன் செலையா?"

சரோஜா ஒவ்வொரு அமாவாசைக்கும் அந்தப் பூட்டுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, விபூதி போட்டிருக்கிறாள். போதாததற்குத் துரு ஏறக்கூடாது என்று விளக்கு எண்ணெயை வேறு சாவித் துவாரத்தில் விட்டிருக்கிறாள். எல்லாம் சேர்ந்து உள்ளே களியாகக் கெட்டிப்பட்டிருந்தது.

"பூட்டுக்கு எண்ணெ ஊத்தவே கூடாதும்மா" என்று பாய் கம்பியால் நோண்டிக்கொண்டே சொன்னார். "எண்ணெ இருக்கிற எடத்துல தூசி வந்து ஒட்டிக்கும். பென்சில் இருக்குதில்ல, அத்த சொரண்டி அந்தத் தூள ஊதிவுட்டா போதும், சாவி வெண்ணெ மாதிரி போவும். நீயும்தான் டிரைவரே, சாவி திரும்பலன்னா அத்தோட கைய எடுத்துக்கினு என்னாண்ட வந்திருக்கணும். ஸ்பானர் போட்டுத் திருக இன்னா, பஸ் சக்கரமா அது? வம்பு பண்ணா பூட்டு ஜெயிக்கும், நாம தோத்துப்போவோம்."

மண்ணெண்ணெய் விட்டு, தட்டி, கம்பியை வளைத்து உள்ளே விட்டு உடைந்த துண்டை வெளியே இழுத்தார். இன்னொரு கம்பியைப் போட்டு ஏதோ செய்தார், பித்தளைப் பூட்டு வாயைத் திறந்துவிட்டது. "அவ்ளோதாங்க" என்று நாதாங்கியைத் தள்ளிவிட்டுக் கதவில் கையை வைத்தார். கதவு அசையவில்லை.

"மழைக்கு மரம் ஊறி இருக்கும்" என்று தோளைக் கொடுத்தார். கீழ்ப்பக்கம் கொஞ்சம் உள்ளே போகிறது, மேல்பக்கம் போகவில்லை. அவர் பேச்சு அங்கேதான் நின்றது. ஸ்டூலைக் கேட்டார். ஏறி நின்று ஹாக்சா பிளேடு ஒன்றைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே மேலே விட்டு இழுத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் டங் என்று இடித்து நின்றது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்தார், அதே இடத்தில் நின்றது. இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"உள்ள யாருங்க இருக்காங்க?"

"யாரும் இல்ல பாய்."

"இல்ல டிரைவரே. மேல் தாழ்ப்பா போட்டிருக்குது. உள்பக்கமா."

நான் அவரைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பது இங்கே வேண்டாம். கதவு ஆடியதில் தானாக மாட்டிக்கொண்டிருக்கும் என்றேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ் தாழ்ப்பான்னா தானா வுழுந்து மாட்டிக்கும், நானே பாத்திருக்கேன். இது மேல் தாழ்ப்பாங்க. ஒருத்தர் கைய தூக்கி, மேல தள்ளி, ஒரு சைடா திருப்பினாதான் நிக்கும். தானா எப்படிங்க மேல ஏறும்?"

சரோஜா செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அள்ளிக் கதவில் தெளித்தாள். "மல்லிகா, போம்மா. எங்கள உட்டுட்டுப் போம்மா" என்று ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன், நான் மூடியபடியே இருந்தது, கம்பி ஒன்றும் வளையவில்லை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது. பயமில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், ஆத்திரம்தான். தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். வீடே அதிர்ந்தது, கதவு அப்படியே நின்றது. கொல்லையில் இருந்த கடப்பாரையை எடுத்து வந்தேன். ஓங்குவதற்கு முன்னால் தேன்மொழி குறுக்கே வந்து கதவில் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"ஒடைக்காதப்பா. அம்மாவுக்கு வலிக்கும்."

கடப்பாரையை ஓர் ஓரமாக வைத்தேன். அந்தக் குழந்தையின் கழுத்தெலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ விட்டுப்போயிற்று. மல்லிகா செத்த அன்றைக்குக்கூட நான் அழவில்லை, ஆம்பளை அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன். அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு, பாய் நிற்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் பேசினேன். "மல்லிகா, தொறடி. புள்ள எலும்பா போயிடுச்சி. நீ உள்ள இருந்துக்கினு இருந்தா அது எப்படிடி சாப்புடும். நான் பாத்துக்கறேன், உட்டுடுடி" என்று சொன்னேன். எது இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனோ அதனிடமே கெஞ்சினேன். பதில் இல்லை, கதவும் திறக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் கதவைத் தொடவில்லை, சரோஜாகூட அழுகையை நிறுத்திவிட்டாள்.

தேன்மொழி கதவை விட்டு நகர்ந்தது தெரிந்தது. பிறகு அவள் குரல் கேட்டது, சாதாரணமாக, சத்தம் இல்லாமல்.

"பசிக்குது."

மேலே டக் என்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் கீழே இறங்குகிற சத்தம், எல்லா வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். கதவு ஒரு சாண் அளவுக்குத் தானாக உள்ளே போய் நின்றது.

பாயும் சரோஜாவும் நானும் கதவையே பார்த்தோம். கடைசியில் நான்தான் எழுந்து போய்த் தள்ளினேன். உள்ளே கட்டில், சுருட்டி வைத்த மெத்தை, மருந்துப் புட்டிகள், அவள் கடைசியாகத் தலைக்கு வைத்திருந்த தலையணை. எல்லாவற்றின் மேலும் ஆறு மாதத் தூசி. தரையில் மாவு சலித்த மாதிரி தூசி படிந்திருந்தது, ஒரு காலடிகூட இல்லை. ஜன்னல் கொக்கி அப்படியே இருந்தது. பாய் எட்டி நின்று கதவின் மேல்பக்கத்தைக் காட்டினார். கதவில் இருந்த கீலும் ஆணியும் துருப்பிடித்துச் சிவந்திருந்தன, அந்தத் தாழ்ப்பாளின் குமிழ் மட்டும் தினமும் கைபட்ட மாதிரி பளபளவென்று இருந்தது. அவ்வளவு பேசுகிற மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹாக்சா பிளேடை ஸ்டூல் மேலேயே விட்டுவிட்டார், அதை எடுக்க வரவே இல்லை. பஜாரில் எதிரில் பார்த்தாலும் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்.

தேன்மொழி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். வெறும் கட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. திரும்பி வந்து என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். படையல் போடுவதற்கு முன்னால் அந்தச் சோற்றில் கை வைக்கக்கூடாது, ஆனால் சரோஜாவே தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். எனக்குச் சாதம் பிசையக்கூட ஒழுங்காகத் தெரியாது, ரசத்தை ஊற்றிக் குழைத்து ஊட்டினேன். தட்டு காலியானதும், "இன்னும்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை கோயிலுக்கு வேண்டுமானாலும் நடந்திருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் அவள் பாயைக் கூடத்து நடுவில் போட்டுக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நான் எப்படியாவது சமாதானம் பண்ணிக்கொண்டிருப்பேன். தாழ்ப்பாள் இறங்கியதற்கு ஒரு காரணம் சொல்லிவிடலாம், அவ்வளவு உதைத்தோம், நழுவியிருக்கும், கொஞ்சம் பொறுத்து விழுந்திருக்கும். ஏறியதற்குத்தான் காரணம் கிடைக்கவில்லை. அது போகட்டும் என்று விட்டாலும் மனதில் ஒரு வருத்தம் மட்டும் போகவே இல்லை. நான் அவ்வளவு கெஞ்சினேன், எனக்குத் திறக்கவில்லை. பெற்ற பிள்ளை பசிக்குது என்று கதவைப் பார்த்துக் கேட்டதும் திறந்துவிட்டாள். செத்தவள் மேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் பட்டேன். வருஷக்கணக்காக அதை யாரிடமும் சொல்லவில்லை.

தேன்மொழிக்கு இப்போது கல்யாணம் ஆகி, திருநாவலூர்ப் பக்கம் இருக்கிறாள். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். போன தீபாவளிக்குக் குழந்தையோடு வந்திருந்தாள். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டு இருந்தவளிடம், என்ன தோன்றியதோ, "ஒங்கம்மா நீ பசிக்குதுன்னு கேட்டதும் ஒடனே தொறந்துட்டா பாரு" என்றேன். அவள் ஊட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"நான் எப்பப்பா அம்மாவக் கேட்டேன்? உன்னத்தான் கேட்டேன்."

"என்னையா?"

"நீ அழுதுக்கினு ஒக்காந்திருந்த. உன்னாண்ட வந்து நின்னுதான் கேட்டேன். கதவு பக்கம் நான் திரும்பவே இல்லயே."

அம்மா உள்ளே இருக்கிறாள் என்று நம்பியவள் அம்மாவை விட்டுவிட்டு என்னை ஏன் கேட்டாள் என்று கேட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாக, குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மாதான் சொல்லிக்கினே இருந்தாங்களே. ரிப்பன் கேட்டாலும், பென்சில் கேட்டாலும், பசிக்குதுன்னாலும் உள்ள இருந்து ஒரே பதில்தான். அப்பாவக் கேளு, அப்பாவக் கேளுன்னு. நான்தான் ரொம்ப நாளா மாட்டேன்னுட்டேன்."

சிறு பிள்ளையின் மனம் தானே அப்படி ஒரு குரலை உண்டாக்கிக்கொண்டிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நானும் எனக்கு அதைத்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஆறு மாதமும் ராத்திரி நானும் அதே கதவை ஒட்டித்தான் படுத்திருந்தேன். மகளுக்குத் தினமும் கேட்ட அந்தக் குரல் எனக்கு ஒரு நாள்கூடக் கேட்கவில்லை.